கூச்சம் பல்லிலா, மனசிலா?

"பல், வாய் அல்லது பல் செட் பிரச்சினையால் உங்களுக்குக் கூச்சம் ஏற்பட்டதுண்டா?"

நான் எழுதிய கேள்வி. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கேள்வி முடிவதற்குள் தலையை வேகமாக ஆட்டினார். "ஆமாம்மா, ரொம்ப. தண்ணி கொஞ்சம் ஜில்லுன்னு பட்டாப் போதும், உச்சி வரைக்கும் ஏறுது."

பேட்டி எடுத்த பெண் 'மிக அடிக்கடி' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்க நினைத்தது அதை அல்லவே! ஆங்கில மூலத்தில் அந்த இடத்தில் இருந்தது 'செல்ஃப் கான்ஷியஸ்'. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கும்போது எல்லோரும் நம் பல்லைத்தான் பார்க்கிறார்கள் என்று உள்ளுக்குள் குறுகுவோமே, அது. அந்த அம்மா சொன்னது பல் கூச்சம். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்தான். அது எனக்குத் தெரியாத விஷயமா? பற்பசை விளம்பரத்தில் தினமும் காதில் விழுவதுதான். எழுதும்போது மட்டும் தோன்றவில்லை, ஏனென்றால் எழுதும்போது என் கண் ஆங்கில வாக்கியத்தின் மேல் இருந்தது.

நான் மொழிபெயர்ப்பாளர். விண்ணப்பப் படிவம், பயிற்சிக் கையேடு, ஒப்பந்தம் என்று வருவதைச் செய்பவள். பல் மருத்துவத்துக்கும் எனக்கும் நோயாளி என்ற அளவில்தான் உறவு. அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்று தேடி வந்தார்கள். வாய்நலம் ஒருவருடைய வாழ்க்கைத் தரத்தை எப்படிப் பாதிக்கிறது என்று அளக்கும் வினாத்தாள் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவரும் குழு அது. இந்த வேலைக்கென்று ஒரு வழிமுறை உண்டு. பீட்டன், பாம்பர்டியர், கில்லமின், ஃபெராஸ் ஆகிய நால்வர் 2000-ஆம் ஆண்டு எழுதியது. பலரும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். அதன்படி முதல் மொழிபெயர்ப்பை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒருவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மற்றவருக்குத் துறையும் தெரியக் கூடாது, எதை அளக்கப் போகிறார்கள் என்பதும் தெரியக் கூடாது. தெரியாதவர் எழுதினால் சாதாரண ஜனங்கள் பேசும் மொழி வரும், மூலத்தில் எங்காவது குழப்பம் இருந்தால் அதுவும் வெளியே வரும் என்பது கணக்கு. நான் அந்த இரண்டாவது ஆள்.

கையில் கொடுத்தது ஓஹிப்-14. 'ஓரல் ஹெல்த் இம்பாக்ட் புரொஃபைல்' என்ற பெயரின் சுருக்கம். பதினான்கே கேள்விகள், ஒரே பக்கம். ஒரு மாலையில் முடித்துக் கொடுத்தேன்.

அதன் கதையைப் பின்னால்தான் படித்தேன். சொத்தை எத்தனை, விழுந்தது எத்தனை, அடைத்தது எத்தனை என்று வாயைத் திறக்கச் சொல்லி எண்ணுவது பல் மருத்துவத்தின் பழைய வழக்கம். அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, ஒரு மனிதர் சாப்பிடவும் பேசவும் தூங்கவும் சிரிக்கவும் என்ன பாடு படுகிறார் என்று சொல்ல முடியாது. டேவிட் லாக்கர் 1988-இல் இதற்கு ஒரு சட்டகம் கொடுத்தார். உலக சுகாதார நிறுவனம் 1980-இல் வெளியிட்ட வகைப்பாட்டைத் தழுவியது. உறுப்பில் வரும் குறை எப்படிச் செயலைக் குறைக்கிறது, வலியாகவும் மன உளைச்சலாகவும் மாறுகிறது, கடைசியில் நாலு பேரோடு சேர்ந்து வாழ்வதையே எப்படித் தடுக்கிறது என்ற படிக்கட்டு அது. அந்தப் படிக்கட்டின் மேல்தான் ஆஸ்திரேலியாவில் கேரி ஸ்லேடும் ஜான் ஸ்பென்சரும் 49 கேள்விகள் கொண்ட வினாத்தாளைக் கட்டி 1994-இல் வெளியிட்டார்கள். கேள்விகளை மேசையில் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. 64 நோயாளிகளிடம் பேசி, அவர்கள் சொன்னதிலிருந்து 535 வாக்கியங்களைத் திரட்டி, ஒன்றுபோல இருந்தவற்றை ஒன்றாக்கி 46 என்று குறைத்தார்கள். வேறிடத்திலிருந்து மூன்று சேர்ந்தது. 1997-இல் ஸ்லேட் அதைப் பதினான்காகச் சுருக்கினார். ஏழு பிரிவு, பிரிவுக்கு இரண்டு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, கூட்டினால் அதிகபட்சம் 56. எண் ஏற ஏறப் பாதிப்பு அதிகம்.

இதில் எனக்கு அந்த 535-தான் மனசில் தங்கியது. நான் படிவம் என்று நினைத்து மொழிபெயர்த்த ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் வலியில் வாய்விட்டுச் சொன்னது. அவர்கள் பேச்சை ஆராய்ச்சியாளர்கள் சுருக்கி, நேராக்கி, ஆங்கிலக் கேள்வியாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தச் சுருக்கத்தை நான் இன்னொரு சுருக்கமாக மாற்றியிருந்தேன். மறுபடியும் ஒரு வாய்க்குள் போய் உட்காரும் பேச்சாக அது மாறவே இல்லை.

அடுத்த கட்டம் பின்மொழிபெயர்ப்பு. மூலத்தைப் பார்த்திராத இரண்டு பேர் என் தமிழைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்புறம் நிபுணர் குழு கூடி, போனதையும் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அந்த அட்டவணையை இன்னும் வைத்திருக்கிறேன். சொல்லுக்குச் சொல் பிசகாமல் திரும்பி வந்த கேள்விகளுக்குப் பச்சை, விலகியவற்றுக்குச் சிவப்பு.

பச்சை வாங்கியவற்றில் ஒன்று: 'உங்கள் உணவுமுறை திருப்தியற்றதாக இருந்துள்ளதா?' இன்னொன்று: 'நீங்கள் முற்றிலும் செயல்பட இயலாதவராக இருந்துள்ளீர்களா?' இப்படி யாராவது யாரிடமாவது கேட்டு நான் பார்த்ததில்லை. சிவப்பு வாங்கியதில் 'வாய்க்கு ருசி தெரியாமல் போனதா?' இருந்தது. 'உங்கள் வாய் சுவையை அறியவில்லையா' என்ற மாதிரி ஆங்கிலத்தில் திரும்பியிருந்தது. குழுவில் ஒருவர் இதை மாற்றச் சொன்னார்.

அந்த மேசையில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மோசமான தமிழ்தான் ஆங்கிலத்துக்குச் சேதாரம் இல்லாமல் திரும்புகிறது. தமிழ்ச் சொற்களுக்கு அடியில் ஆங்கிலத்தின் எலும்புக்கூடு அப்படியே கிடக்கிறது. இரண்டு மொழியும் தெரிந்தவர் கையை விட்டு அதை வெளியே எடுத்துவிடுகிறார். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவருக்கு அந்த எலும்புக்கூடு கண்ணில் படாது. அவருக்குக் கேட்பது ஒரு விநோதமான வாக்கியம், அவ்வளவுதான். நல்ல தமிழோ உடம்போடு வேறு மொழிக்குப் போகும்போது கொஞ்சம் கோணத்தான் செய்யும். பச்சை நிறத்தை நம்பி வேலையை முடித்திருந்தால், கேட்பவருக்குப் புரியாத கேள்விகளை எல்லாம் நல்ல கேள்விகள் என்று சான்று கொடுத்து அனுப்பியிருப்போம்.

அதற்காகப் பின்மொழிபெயர்ப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். என் கையிலிருந்து நழுவியதைப் பிடித்தது அதுதான். மூலத்தில் இரண்டு கேள்விகளில் 'கொஞ்சம்' என்ற சொல் இருக்கிறது: கொஞ்சம் வெட்கம், மற்றவர்களிடம் கொஞ்சம் கடுகடுப்பு. நான் இரண்டையும் விட்டிருந்தேன். சின்னச் சொல்தான். ஆனால் 'மற்றவர்களிடம் கோபப்பட்டீர்களா' என்று மொட்டையாகக் கேட்டால் மானமுள்ள யாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். 'கொஞ்சம்' என்று சேர்த்துக் கேட்டால் ஒத்துக்கொள்ள ஒரு வழி கிடைக்கிறது.

சரி, சொற்களுக்கு வருகிறேன். எனக்குத் தூக்கம் போனது இங்கேதான்.

கூச்சத்தைப் போலவே எரிச்சல். ஆங்கிலத்தில் 'இரிட்டபிள்' என்று இருந்த இடத்தில் துறை தெரிந்த மொழிபெயர்ப்பாளர் 'எரிச்சல்' என்று போட்டிருந்தார். மற்ற இடத்தில் சரியான சொல். வாயைப் பற்றிய கேள்வித்தாளில் கண்ணிவெடி. 'பல், வாய் பிரச்சினையால் எரிச்சல் ஏற்பட்டதா' என்று கேட்டால் வாய்ப்புண் உள்ள எல்லோரும் ஆமாம் என்பார்கள். தமிழ் மனசுக்கு வருவதைச் சொல்ல உடம்பிலிருந்துதான் சொல் எடுக்கிறது. கூசுகிறது, எரிகிறது, கசக்கிறது, உறுத்துகிறது, புளித்துப்போகிறது. எல்லாமே வாய்க்கும் பொருந்தும், மனசுக்கும் பொருந்தும். வேறு உறுப்பைப் பற்றிய வினாத்தாளாக இருந்திருந்தால் இவ்வளவு சிக்கல் வந்திருக்குமா என்று தெரியவில்லை. கடைசியில் 'எரிந்து விழுந்தீர்களா' என்று போட்டோம். 'மற்றவர்களிடம் கொஞ்சம் எரிந்து விழும்படி ஆனதா?' விழுந்ததும் மனசு பக்கம் வந்துவிட்டது.

அப்புறம் டென்ஷன். ஆறாவது கேள்வியில் 'டென்ஸ்' என்று ஆங்கிலத்தில். 'டென்ஷன்' என்ற சொல் தெரியாத தமிழர் கிடையாது, அப்படியே எழுதிவிடலாம் என்று எல்லோருக்கும் ஆசை. பேட்டியில் ஒருவர் சொன்னார்: "நான் யார்கிட்டேயும் டென்ஷன் ஆக மாட்டேம்மா, பொறுமைசாலி." நம் பேச்சில் டென்ஷன் என்றால் பாதி நேரம் கோபம். ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் ஆங்கிலப் பொருளைக் கொண்டுவரும் என்று நம்பியதுதான் தப்பு. இங்கே வந்து அது தனிக்குடித்தனம் போட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. அப்படியே விட்டிருந்தால் ஆறாவது கேள்வியும், எரிந்து விழுவதைக் கேட்கும் பதினோராவது கேள்வியும் ஒன்றையே அளந்திருக்கும். டயட்டும் இதே வகை. டயட் என்றால் உடம்பைக் குறைக்கச் சாப்பாட்டைக் குறைப்பது என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். மூலம் கேட்டது வேறு: பல்லால் திருப்தியாகச் சாப்பிட முடியாமல் போனதா என்று. தமிழில் அதை இவ்வளவு எளிதாகவே கேட்டுவிடலாம், கேட்டோம்.

முதல் கேள்வியும் சும்மா விடவில்லை. 'சொற்களை உச்சரிப்பதில் சிரமம் இருந்ததா?' ஒரு பெரியவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ழகரம் எனக்கு எப்பவுமே வராது." உச்சரிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஆட்களுக்குப் பள்ளிக்கூடமும் ழகரமும்தான் நினைவுக்கு வருகின்றன. பல் போனதால் பாதிக்கப்படும் ஒலிகளோ வேறு. தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியில் நாக்கு நுனி படியும்போது பிறப்பவை. வகரம் மேற்பல்லும் கீழ் உதடும் சேரும்போது பிறப்பது. முன்பல் போனால் இவைதான் தடுமாறும். அந்தப் பெரியவருக்கு முன்பல் நான்கு இல்லை. 'பேசும்போது சொல் தெளிவாக வராமல் குழறியதா?' என்று மாற்றிக் கேட்டபோது, "காத்துதான் வருது, பேச்சு எங்க வருது" என்றார்.

கூச்சத்துக்கு மாற்று தேடியதில்தான் அதிக நாள் போனது. 'தன்னுணர்வு' என்று ஒருவர் சொன்னார். தியான வகுப்பில் சொல்வது போல இருந்தது. 'நாலு பேர் முன்னால் பேசவோ சிரிக்கவோ தயங்கினீர்களா?' என்று நான் எழுதினேன். எல்லோருக்கும் பட்டென்று புரிந்தது. ஆனால் டாக்டர் தடுத்தார். அவர்தான் குழுவை நடத்தியவர், சமூகப் பல் மருத்துவம் படித்தவர். அவர் சொன்னது நியாயம். அந்தக் கேள்வி இருக்கும் பிரிவு மன உளைச்சல். தயங்குவது ஒரு செய்கை. தயங்கினீர்களா என்று கேட்டால் கேள்வி இரண்டு படி தாண்டிச் சமூக இயலாமைப் பிரிவுக்குள் போய்விடும். உள்ளுக்குள் குறுகிக்கொண்டே வெளியே தயங்காமல் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கணக்கில் வராமல் போவார்கள். அடுத்து 'மனசு உறுத்தியதா' என்று பார்த்தோம். பல் செட் போட்டவர்கள் ஈறைத் தொட்டுக் காட்டினார்கள்: ஆமாம், இங்கே உறுத்துகிறது. மற்றவர்களுக்கு அது குற்ற உணர்ச்சி. கடைசியில் வந்து நின்றது இது: 'உங்கள் பல்லையோ வாயையோ பார்த்து மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற எண்ணம் வந்ததுண்டா?' நீளம்தான். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு இத்தனை தமிழ்ச் சொல்லா என்று ஒருவர் கேட்டார். ஆகட்டுமே. பத்தாவது கேள்விக்கு 'கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டதா?' என்று வைத்த பிறகு இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காமல் நின்றன.

வாக்கிய அமைப்பும் ஒரு பாடு. ஓஹிப்பின் ஒவ்வொரு கேள்வியிலும் 'பல், வாய், பல் செட் பிரச்சினையால்' என்ற தொடர் வருகிறது. ஆங்கிலத்தில் கேள்வியை முதலில் கேட்டுவிட்டு இதைக் கடைசியில் ஒட்டலாம். தமிழில் காரணம் முன்னால் வந்தாக வேண்டும், வினை கடைசியில்தான் வரும். கூடவே 'கடந்த 12 மாதங்களில்' என்பதும் தலையில் ஏறும். கேட்பவர் இத்தனையையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுமந்தபடி கடைசிச் சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டும். பதினான்கு தடவை. ஏழாவது கேள்வியில் ஒருவர் கொட்டாவி விட்டார். காலத்தையும் காரணத்தையும் தொடக்கத்தில் ஒருமுறை நிதானமாகச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு கேள்வியிலும் 'பல்லாலோ வாயாலோ' என்று மட்டும் நினைவூட்டுவது என்று முடிவெடுத்தோம். காலத்தைச் சொல்வதிலும் ஒரு பொறி இருந்தது. 'கடந்த வருடத்தில்' என்றால் பலருக்கு அது போன வருஷம், இந்த வருஷம் கணக்கில் இல்லை. 'இன்றிலிருந்து பின்னோக்கி 12 மாதம்' என்று விளக்க வேண்டியிருந்தது.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்ற சண்டை இன்னும் முடியவில்லை, என்னைப் பொறுத்தவரை. தாளில் 'ஏற்பட்டதுண்டா' என்று இருக்கும். பேட்டி எடுப்பவர் அப்படியே வாசித்தால் எதிரில் இருப்பவர் பரீட்சை எழுத வந்தவர் போல விறைத்துக்கொள்கிறார். அதனால் ஒவ்வொருவரும் தன் வாய்க்கு வந்தபடி பேச்சுக்கு மாற்றிக் கேட்கிறார்கள். ஒருவர் "வந்திருக்கா" என்கிறார், இன்னொருவர் "அந்த மாதிரி ஏதாச்சும் இருக்கா" என்கிறார். கேட்டவை இரண்டு வேறு கேள்விகள். பல மாதம் உட்கார்ந்து சொல்லுக்குச் சொல் செதுக்கியது கடைசி அரை நிமிடத்தில் கரைந்துபோகிறது. பேச்சு வடிவத்தையே அச்சிட்டுக் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். எந்த ஊர்ப் பேச்சு, படித்துத் தானே நிரப்புகிறவர்களுக்குக் கேலியாகத் தோன்றாதா என்று கேட்டார்கள். எளிய எழுத்துத் தமிழில், வாய்விட்டு வாசித்தால் இடறாத மாதிரி எழுதி, பேட்டி எடுப்பவர்கள் அதை மாற்றாமல் வாசிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். பரவாயில்லை என்று சொல்லலாம். நேரில் கேட்கும் வினாத்தாளுக்குப் பேச்சு வடிவம்தான் சரி என்ற என் கருத்து மாறவில்லை.

பதில் அளவுகோலிலும் இதே கதை. ஒருபோதும் இல்லை, அரிதாக, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி. தாளில் பார்த்தால் ஒழுங்கான ஐந்து படி. அட்டைகளில் தனித்தனியாக எழுதி, வரிசைப்படுத்தித் தரச் சொன்னோம். 'அரிதாக'வையும் 'எப்போதாவது'வையும் பலர் இடம் மாற்றி வைத்தார்கள். பேச்சில் 'எப்பவாச்சும்' என்றால் கிட்டத்தட்ட இல்லை என்றுதானே பொருள்! 'எப்போதாவது ஒரு தடவை', 'அவ்வப்போது', 'அடிக்கடி' என்று மாற்றிய பிறகு அட்டைகள் சரியான வரிசையில் வந்தன. முன்சோதனைக்கு 30 முதல் 40 பேரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்கிறது வழிமுறை. பதிலை வாங்கினால் மட்டும் போதாது. கேள்வியை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள், எதை நினைத்து இந்தப் பதில் சொன்னீர்கள் என்று கேட்க வேண்டும். இந்தக் கட்டத்தைக் குறுக்கினால் மற்ற எல்லாக் கட்டங்களும் வெறும் காகித வேலை.

அப்படிக் கேட்டதில் கிடைத்த ஒரு பதில் எல்லாச் சொற்பிரச்சினையையும் சின்னதாக்கிவிட்டது. "பல்லில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லம்மா," என்றார் ஒரு தாத்தா. பதினான்கு கேள்விக்கும் ஒருபோதும் இல்லை. மொத்த மதிப்பெண் 0. பூரண வாய்நலம். டாக்டர் மெதுவாகக் கேட்டார், "ஐயா, பல் எத்தனை இருக்கு?" "பல்லே இல்லையே. அப்புறம் எப்படிப் பிரச்சினை இருக்கும்?"

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. வலித்த பல்லை எல்லாம் எடுத்தாகிவிட்டது, வலி போய்விட்டது. மெல்ல வேண்டிய எதையும் அவர் சாப்பிடுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. அதனால் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்ததா என்ற கேள்விக்கும் இல்லைதான் பதில். பிரச்சினையைச் சுற்றித் தன் வாழ்க்கையை அவர் சுருக்கிக்கொண்டுவிட்டார். வினாத்தாள் அந்தச் சுருக்கத்துக்கு வெளியே எதையும் கேட்கவில்லை. இது தமிழில் மட்டும் வரும் சிக்கல் இல்லை. ஓஹிப்-14-இல் பூஜ்யமும் பூஜ்யத்தை ஒட்டிய எண்களும் குவிவது எல்லா மொழியிலும் பேசப்படும் குறை. ஆனால் 'பிரச்சினை' என்ற நம் சொல் அதைக் கூட்டுகிறது. பிரச்சினை என்றால் இன்னும் தீராமல் இருப்பது. பழகிப்போனது பிரச்சினை ஆகாது, வயசானால் வருவதும் பிரச்சினை ஆகாது. 'பல் இல்லாததாலோ' என்ற ஒரு சொல்லை அறிமுகப் பத்தியில் சேர்க்கலாம் என்று நான் சொன்னபோது டாக்டர் உடனே ஒத்துக்கொண்டார்.

சொல் சேர்க்கலாம். கேள்வியே சேர்க்கலாமா? ஜெர்மன் வடிவத்தை 2002-இல் வெளியிட்டவர்கள் 49-உடன் நான்கைச் சேர்த்து 53 ஆக்கினார்கள். ஜப்பானிய வடிவத்தில் 54. தங்கள் மக்கள் சொன்னதில் விடுபட்டது இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. சேர்த்தால் உள்ளூர் அனுபவம் உள்ளே வரும், மற்ற மொழி எண்ணோடு ஒப்பிடுவது சிரமமாகும். அதனால் சேர்த்த கேள்விகளைத் தனியே வைத்துக்கொண்டு, பழைய மொத்தத்தையும் கணக்கிடலாம். கோஹாய் என்ற இன்னொரு வினாத்தாள், அட்சிசனும் டோலனும் 1990-இல் செய்தது, கடிக்க முடிகிறதா என்று கேட்கும்போது ஆப்பிளையும் கெட்டியான இறைச்சியையும் உதாரணம் காட்டுகிறது. அவற்றைச் சாப்பிடாத மக்களிடம் வேறு உதாரணம் போட்டுக்கொள்ள யாரும் மறுப்பதில்லை. உணர்ச்சிகளை மாற்றுவதுதான் கடினம். தாய்லாந்தில் அதுல்யானனும் ஷைஹாமும் உருவாக்கி 1997-இல் வெளிவந்த ஓ.ஐ.டி.பி. என்ற வினாத்தாள் இதில் கெட்டிக்காரத்தனமானது. சாப்பிடுவது, பேசுவது, பல் துலக்குவது போன்ற அன்றாடச் செய்கைகளை எடுத்துக்கொண்டு, எத்தனை தடவை தடைப்பட்டது, எவ்வளவு கஷ்டம் என்று கேட்டு இரண்டையும் பெருக்குகிறது. வினைச்சொல்லுக்கு எந்த மொழியிலும் பஞ்சமில்லை. எனக்கு மறுபடி வாய்ப்பு வந்தால் அந்த மாதிரி ஒன்றைத்தான் மொழிபெயர்க்க ஆசைப்படுவேன்.

புள்ளியியல் என் வேலை இல்லை, டாக்டர் விளக்கியதை மட்டும் சொல்கிறேன். கேள்விகள் எல்லாம் ஒரே திசையில் நகர்கின்றனவா என்று பார்க்க க்ரோன்பாக் ஆல்ஃபா என்ற எண், 0.7-க்கு மேல் வந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். கூச்சம் என்றால் பல் கூச்சம் என்று எல்லோரும் ஒரே மாதிரி தப்பாகப் புரிந்துகொண்டிருந்தாலும் ஆல்ஃபா நன்றாகவே வந்திருக்கும், ஏனென்றால் பல் கூசுபவர்களுக்கு வலியும் இருக்கும், சாப்பிடுவதும் சிரமமாக இருக்கும். நல்ல எண் வந்துவிட்டது என்பதற்காக முன்சோதனையைக் குறுக்கக் கூடாது என்று அவர் பிடிவாதமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

கடைசியாக மறுசோதனை. வாயில் மாற்றம் எதுவும் நடக்காதவர்களிடம் இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகளைக் கேட்பது; பதில்கள் ஒத்துவந்தால் கருவி நிலையானது. பெரும்பாலும் ஒத்துவந்தன. ஒரு பாட்டி மட்டும், மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கேள்வி வந்ததும், பேட்டி எடுத்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன தடவை நீ கேட்டப்போ இல்லவே இல்லைன்னுட்டேன் கண்ணு. வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பார்த்தேன். போட்டோ எடுக்கிறப்போ எல்லாம் நான் பின்னாடி போய் நின்னுக்கிறேன். இல்லேன்னா, நான் எடுக்கிறேன்னு சொல்லி போனை வாங்கிக்கிறேன். எதுக்குன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது."

எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று அந்தப் பெண் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பாட்டியே சொல்லட்டும் என்றார் டாக்டர். பாட்டி அட்டையைக் கையில் வாங்கி, ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டு, 'அடிக்கடி'யில் விரலை வைத்தார். முதல் தடவை 0, இரண்டாம் தடவை 3. அட்டவணையில் அந்த வரியின் ஒப்புமை கெட்டுப்போனது. இரண்டு எண்களையும் அப்படியே பதிவு செய்தோம்.